மரப்பல்லி மிதந்ததா, விழுந்ததா? ஈர்க்குக் குச்சியும் ஈயக் குண்டும் வைத்துச் சோதிக்கும் முறை

போன ஆனி மாதம் தனுஷ்கோடி மணலில், மரத்தில் வாழ்ந்த பழங்கால ஊர்வன ஒன்றைப் போல நாங்கள் செய்த இறக்கை வைத்த மாடல் 23 மீட்டர் போனது. "டீச்சர், பறந்துருச்சு! அந்தக் காலத்துப் பல்லி பறந்துருச்சு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த காலி முறுக்குப் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கி விட்டாள். கச்சான் காற்று அதை வாங்கிக்கொண்டு போய் எங்கள் மாடலையும் தாண்டிப் போட்டது.

"இது பல்லி இல்லையே டீச்சர்" என்றாள்.

அன்றைக்கு எழுதிய கணக்கை எல்லாம் அடித்துவிட்டேன். இந்த வேலையில் முதல் பாடம் அதுதான்: காற்றடிக்கும் இடத்தில் சோதிக்காதீர்கள். நம் கடற்கரையில் ஆனி, ஆடியில் வெளியே வைத்துச் சோதித்தால் செருப்பும் பறக்கும். அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் புயல் காப்பகத்துக் கூடத்தில், கதவு சன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் செய்கிறோம். வேர்த்துக் கொட்டும், ஆனால் வருகிற கணக்கை நம்பலாம்.

நான் தங்கச்சிமடம் பக்கம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். என் அப்பா வல்லம் கட்டியவர். மரத்தைப் பார்த்ததும் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிடுவார். ஆனாலும் தண்ணீரில் இறக்கிப் பார்க்காமல் எந்த வல்லத்தையும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். அழிந்துபோன உயிரினத்தைப் பற்றிப் படம் போட்டு "இது பறந்தது" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். எலும்பு காட்டுவது இறக்கை போன்ற ஒன்றை மட்டும்தான். அது அந்த உடம்பைத் தாங்கியதா என்பதை இறக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வியை முதலில் சரியாகக் கேட்டுக்கொள்வோம். காக்கை மாதிரி இறக்கை அடித்துப் பறந்ததா என்பது நம் கேள்வி இல்லை. மரத்தில் வாழ்ந்த சில பழங்கால ஊர்வன, கிளையிலிருந்து குதித்து, சாய்வாக மிதந்து அடுத்த மரத்தைப் பிடித்தனவா என்பதே கேள்வி. ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இறங்கும் பாதை தரையோடு 45 பாகைக்குக் குறைவான சாய்வில் இருந்தால் அது மிதந்து இறங்குவது. 45-க்கு மேல் செங்குத்தாக இருந்தால் பாராசூட் மாதிரி விழுகையை மெதுவாக்குவது மட்டுமே. இதற்குக் கோணமானி தேவையில்லை. இறங்கிய உயரத்தைவிட முன்னால் போன தூரம் அதிகமா என்று பாருங்கள். அதிகம் என்றால் மிதந்தது, குறைவு என்றால் விழுந்தது.

மாடல் செய்வதற்கு முன்னால் ஒரு நாள் மீன் ஏலம் நடக்கும் கரைக்குப் போய்வாருங்கள். பறவைக் கோலா கிடைத்த நாளில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், குழம்புக்கு முன்னால் பாடத்துக்கு. நெஞ்சுத் துடுப்பின் மேல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக முன்னால் இழுத்தால் மொத்தமும் விரிந்து வரும். ஈரத்தில் பளபளக்கும் கண்ணாடித் தோல், அதற்குள் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஓடும் முள் வரிசை, முள் நுனிப் பக்கம் போகப் போகக் கிளைத்து மெலிவது எல்லாம் தெரியும். விட்டால் உடம்போடு ஒட்டி மடங்கிக்கொள்ளும். விரியும்போது விறைப்பு, மடங்கும்போது இடைஞ்சல் இல்லை. மிதக்கும் எந்த உயிரும் இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதித்தாக வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் விரித்து, மடக்கி, இன்னொரு தடவை விரித்துப் பார்க்கட்டும். நூறு படம் காட்டினாலும் வராத புத்தி அந்த ஒரு துடுப்பில் வரும்.

மீன் முள்ளுக்கும் இந்தக் கதைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஜெர்மனியில் செம்புக்காகத் தோண்டிய கரும்பாறையில் வைகெல்டிசாரஸ் என்ற ஊர்வனவின் எலும்புக்கூடு கிடைத்தது. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தப் பாறை கடலடியில் படிந்தது, அதனால் அதில் மீன்களும் நிறைய. ஓட்டோ யேக்கல் என்ற ஆய்வாளர் அந்த எலும்புக்கூட்டின் பக்கத்தில் நீள நீளமாகக் குச்சிகள் கிடந்ததைப் பார்த்தார். பக்கத்தில் செத்துப்போன மீனின் துடுப்பு முள் என்று நினைத்து, சுத்தம் செய்யும்போது அவற்றை எடுத்துவிட்டார். அவர் எடுத்துப் போட்டதுதான் இறக்கை! அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. மீன் கிடக்கும் பாறையில் முள்ளைப் பார்த்தால் நம்மில் யாரும் மீன் என்றுதான் சொல்வோம். அதே கூட்டத்தைச் சேர்ந்த சீலுரோசாரவஸ் மடகாஸ்கரில் கிடைத்தது. 1926-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் மடகாஸ்கர் நம் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கண் விரியும். இந்தக் குச்சிகள் விலா எலும்பே இல்லை, பறப்பதற்கென்று உடம்பில் தனியாக உண்டான எலும்புகள் என்று 1997-ல் ஓர் ஆய்வு சொன்னது. பக்கத்துக்கு இருபதுக்கும் மேல், மடக்கு விசிறி மாதிரி.

விசிறி என்றதும் ஓர் எச்சரிக்கை. விரிவதெல்லாம் பறப்பதற்கு இல்லை. நம் கடலோரத் தேரி மணலில் சித்திரை வெயிலில் ஒரு சின்ன ஓணான் கல்மேல் ஏறி நின்று தொண்டையை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். அது பெண் ஓணானைக் கூப்பிடுகிறது, மற்ற ஆணை விரட்டுகிறது. 2016-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த அந்த வகை ஒன்றுக்கு 'சிட்டானா விசிறி' என்று நம் சொல்லையே அறிவியல் பெயராக வைத்தார்கள். ஆகவே புதைபடிவத்தில் நீளமாக ஏதாவது தெரிந்தால், இது காட்டுவதற்கா, மிதப்பதற்கா என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். (ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. அணிலுக்கு ராமர் தடவிக் கொடுத்தார், ஓணான் பாவம் செய்தது என்று கதை. தயவுசெய்து விடுங்கள். அந்த ஓணான் இல்லாமல் இந்தப் பாடமே எனக்கு ஓடாது.)

மரத்தில் வாழ்ந்ததா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அதற்கு நகம்தான் முதல் சாட்சி. வேலியில் ஏறும் ஓணானின் நகம் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும், விரல் நீளமாக இருக்கும். வைகெல்டிசாரஸின் விரலும் நகமும் அப்படித்தான். நகம் மட்டையாக, விரல் குட்டையாக இருந்தால் மரத்துக் கதையை நிறுத்திவிட்டு வேறு விலங்கைத் தேடுங்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தில் கிடைத்த ஒரு சோடி. கியூனியோசாரஸ், கியூனியோசூக்கஸ். இரண்டும் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. வால் நுனி வரைக்கும் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம்மூர் உடும்பு குட்டியாக இருக்கும்போது இருக்கிற நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு விலா எலும்புதான் பக்கவாட்டில் நீண்டு இறக்கையைத் தாங்கியது. கியூனியோசாரஸுக்கு விலா குட்டை, கியூனியோசூக்கஸுக்கு நெட்டை. இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாகக்கூட இருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. மற்றபடி உடம்பு ஒரே மாதிரி இருப்பதால் ஒப்பிட இதைவிட நல்ல சோடி கிடைக்காது. 1962-ல் கியூனியோசாரஸுக்குப் பெயர் வைத்தவர் பமேலா ராபின்சன் என்ற அம்மையார். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைத்து இந்தியாவுக்கு வந்து, கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் புதைபடிவ ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவரும் இவரே. கோதாவரிப் படுகையில் நம் ஆட்கள் எலும்பு தோண்டப் பழகியது அவரோடுதான்.

இனி மாடல். நான் பாதி அளவில் செய்தேன். மூக்கிலிருந்து இடுப்பு வரை 16 சென்டிமீட்டர், வால் 20. உடம்புக்குத் தெர்மாகோல். ஐஸ் வைத்து மீன் ஏற்றும் பெட்டி உடைந்து கரையில் கிடக்கும், எடுத்துவந்து கழுவி வெயிலில் இரண்டு நாள் போட்டால் வாடை போகும். பிளேடால் சீவுவதைப் பெரியவர்கள் செய்யுங்கள், உப்புத்தாளில் தேய்ப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். விலாவுக்குத் தென்னை ஈர்க்கு. காய்ந்த விளக்குமாற்றுக் குச்சி வேண்டாம், வளைத்தால் மடக்கென்று ஒடியும். பச்சை ஓலையில் கிழித்த ஈர்க்கை டம்ளரைச் சுற்றிக் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் வளைவு நிற்கும். தடித்த பக்கம் உடம்போடு, மெலிந்த பக்கம் வெளியே. பக்கத்துக்கு 10. நெட்டை மாடலுக்கு நடு ஈர்க்கு 14 சென்டிமீட்டர், குட்டைக்கு 5. இது என் மாடலின் அளவு. வித்தியாசம் பளிச்சென்று தெரிவதற்காக வைத்தது.

தோலுக்குப் பாலித்தீன் பை போடாதீர்கள். இழுத்து ஒட்டினால் சுருங்கி விலாவை வளைத்துவிடும். ஜவுளிக்கடைப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் வைத்துத் தருவார்களே, அந்த மெல்லிய தாள்தான் சரி. ஈர்க்கின் மேல் பக்கம் ஒட்டி, ஓரத்தில் அரை விரல் மிச்சம் விட்டு மடித்து ஒட்டுங்கள்.

பசையில் நான் ஒரு தடவை பட்டுவிட்டேன். நொடியில் ஒட்டும் பசையைத் தெர்மாகோலில் விட்டேன். கண் முன்னால் உடம்பு குழிந்து கரைந்து, பத்து ஈர்க்கும் ஒரு பள்ளத்துக்குள் சாய்ந்துவிட்டன. மூன்று நாள் வேலை. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைக் கொஞ்சமாக வைத்து ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள், அது போதும்.

முன்னங்கால்களை எப்படி வைப்பது என்பதில் உயிரோடு இருக்கும் ஒரு சாட்சியைக் கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் பாக்குத் தோப்புகளிலும் பறக்கும் ஓணான் இருக்கிறது. கேரளப் பக்கம் ஒரு தோப்பில் நானே பார்த்தேன். பாக்கு மரத்துப் பட்டை நிறத்தில் ஒட்டிக் கிடந்தது, மஞ்சள் தொண்டைத் தோலை ஒரு தடவை நீட்டியது, மறு நொடி அடுத்த மரத்தில் இருந்தது. சத்தமே இல்லை. அது விலா எலும்புகளை விரித்துத்தான் மிதக்கிறது. அதோடு, பாய்ந்த பிறகு முன்னங்கைகளைப் பின்னால் கொண்டுபோய் இறக்கையின் முன் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. பாயின் கயிற்றைக் கையில் பிடித்து ஆள் பாய் ஓட்டுவது போல. நானும் மாடலின் கைகளைப் பின்னால் வளைத்து முதல் ஈர்க்கோடு ஒட்டினேன். அதுவரைக்கும் படபடத்துக் கொண்டிருந்த முன் ஓரம் நின்றது.

இப்போது கனம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் முதல் வீச்சில் மாடல் தலையைத் தூக்கியது, அந்தரத்தில் ஒரு நொடி நின்றது, வாலில் போய் விழுந்தது. பத்து தடவையும் அப்படியே. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னால கனம் கெடக்கு தாயி. வலைக்கு ஈயம் கட்டுற கணக்குத்தான் இதுவும். தலையில போடு" என்று சின்ன ஈயக் குண்டு நாலு கொடுத்தார்.

மூக்கில் நாலும் வைத்தால் குப்புற அடித்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டரை குண்டில் (ஒன்றைப் பல்லால் கடித்து நசுக்கிப் பாதியாக்கினார், நீங்கள் கட்டிங் பிளேயரால் நறுக்குங்கள், ஈயம் வாய்க்கு ஆகாது) அழகாக மிதந்து வந்தது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால், முன் ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் மாடல் சமமாக நின்றது. நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

"அந்தப் பல்லி மூக்குல ஈயத்தையா வச்சிருந்துச்சு டீச்சர்?"

முறுக்குப் பொட்டலம் விட்ட அதே பிள்ளைதான். அவள் கேட்டது முழுக்க நியாயம். ஈயத்தை வேண்டிய இடத்தில் வைத்தால் பலகையைக்கூட மிதக்க விடலாம். விலங்கின் கனம் எங்கே இருந்ததோ அங்கே நம் மாடலின் கனமும் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். கண்மாய்க் களிமண்ணில் இறக்கை இல்லாத உடம்பை மட்டும் அதே பாதி அளவில், தலை, தொடை, வால் எல்லாம் சதைப்பிடிப்போடு பிசைந்து செய்தோம். உள்ளே ஒரு மூங்கில் குச்சி. அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்தோம். இறக்கையின் முன் ஓரம் வரும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் நின்றது. மாடலுக்கு வேண்டியது 4. வாலை மெலிதாக்கிப் பார்த்தோம், 4.5-க்கு வந்தது. அந்த இடத்தில் கனம் வைத்து வீசினால் பத்தில் ஆறு ஒழுங்காக மிதந்தது, நாலு தலை தூக்கியது. உயிருள்ள விலங்கு காலை நீட்டும், வாலை அசைக்கும், நொடிக்கு நொடி சரிசெய்யும். தெர்மாகோலுக்கு அது முடியாது. ஆகவே பத்தில் ஆறு என்பதை நான் நல்ல சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வாலைத் தடிமனாக வைக்கத் தோன்றினால் அப்படியும் செய்து பாருங்கள். இரண்டையும் எழுதி வையுங்கள்.

மொத்த எடை எவ்வளவு வைப்பது? இங்கே கருப்பட்டியைக் கொண்டுவாருங்கள். ஒரு சின்னக் கருப்பட்டி, அதைப்போல எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிய ஒன்று. எடை போட்டால் இரண்டு மடங்கு வராது, எட்டு மடங்கு வரும். ஆனால் மேலே துணி போர்த்த வேண்டுமென்றால் நாலு மடங்கு துணி போதும். நீளம் இரண்டானால் எடை எட்டு, பரப்பு நாலு. பெரிய விலங்கின் இறக்கையில் ஒவ்வொரு சதுர அங்குலமும் அதிகச் சுமை தூக்குவது இதனால்தான். உயிரோடு இருக்கும் பறக்கும் ஓணான்களிலும் பெரிய இனங்கள் சின்ன இனங்களைவிட மோசமாக மிதக்கின்றன என்று 2005-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அழிந்துபோன விலங்கைத் தராசில் வைக்க வழியில்லாததால், ஒரே எடையை வைத்துக்கொண்டு நிற்காமல் இரண்டு எல்லையை வைத்தேன். முழு விலங்கு 160 கிராம் என்றால் பாதி அளவு மாடல் எட்டில் ஒரு பங்கு, 20 கிராம். 240 என்றால் 30. நகைக்கடையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் கடைத் தராசில் எடை போட்டுத் தந்தான். கூடுதல் ஈயத்தைச் சமநிலை மாறாமல் வயிற்றின் அடியில் பரப்பி ஒட்டினோம்.

கூடத்து மாடிப்படியில் நின்று மாடலை விடும்போது கை இருக்கும் இடம் தரையிலிருந்து 3.6 மீட்டர் உயரம். கையைத் தோளுக்கு நேராக வைத்து, எறியாமல், மெதுவாக முன்னால் தள்ளி விடுங்கள். எறிந்தால் உங்கள் கையின் பலம் மாடலின் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு மாடலுக்கும் 20 வீச்சு. மிக நல்ல வீச்சை மட்டும் சொல்லும் ஆசையை அடக்குங்கள். எல்லாவற்றையும் எழுதி நடுவில் வருவதை எடுங்கள். ஒருவர் செல்போனில் ஸ்லோமோஷன் பிடிக்கட்டும், பின்சுவரில் அரை மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் வேகமும் தெரியும்.

எங்களுக்கு வந்தது: நெட்டை விலா மாடல் 7.5 மீட்டர், குட்டை விலா மாடல் 2.7 மீட்டர். உயரம் 3.6. நெட்டை தாண்டிவிட்டது, குட்டை தாண்டவில்லை. கோணமாகப் போட்டால் ஒன்று சுமார் 26 பாகை, மற்றது சுமார் 53. பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருந்தது 30 கிராம் மாடல். அது சீக்கிரமே விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏறக்குறைய அதே தூரம்தான் போனது, ஆனால் வேகமாக. எடை கூடினால் மிதக்கும் சாய்வு அதிகம் மாறாது, வேகம் கூடும். சாய்வைத் தீர்மானிப்பது இறக்கையின் வடிவம், வேகத்தைத் தீர்மானிப்பது சுமை. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள் 'கனமான விலங்கு மிதக்காது' என்று சட்டென்று சொல்ல மாட்டார்கள்.

எங்களுக்கு முன்னால் 2008-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கோயன் ஸ்டைன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதே சோடிக்கு மாடல் செய்து, காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கியூனியோசூக்கஸ் 13 முதல் 15 பாகைச் சாய்வில் மிதந்திருக்கும், குட்டை விலா கியூனியோசாரஸ் 45-க்கு மேல், நொடிக்கு 10 முதல் 12 மீட்டர் வேகத்தில் பாராசூட்டாக இறங்கியிருக்கும் என்று சொன்னார்கள். எங்கள் 26 பாகை அவர்களுடையதைவிட மோசம். தெர்மாகோல் சொரசொரப்பு, என் ஈர்க்கு வளைவு, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிளவு அங்கேயும் இங்கேயும் ஒன்றே. அந்தக் கணக்கை முதன்முதலாகப் பலகையில் எழுதியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

14 பாகை என்றால் 5 மீட்டர் மரத்திலிருந்து 20 மீட்டர் போக வேண்டும். அவர்களோ 9 மீட்டர் போயிருக்கும் என்றுதான் சொன்னார்கள். ஏன்? கிளையை விட்ட நொடியிலேயே மிதப்பு தொடங்கிவிடாது. இறக்கை பிடிக்கும் வேகம் வரும்வரை விழுந்தாக வேண்டும். அதற்கு ஒரு கைக்கணக்கு: மிதக்கும் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எழுதி, அதையே அதால் பெருக்கி, 20-ஆல் வகுங்கள். வேகம் 4 என்றால் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல் செலவு. 8 என்றால் 3 மீட்டருக்கு மேல் போய்விடும். பெரிய விலங்குக்கு உயரமான மரம் தேவைப்பட்டது இதனால்தான். உங்கள் மாடல் தூரத்தை வைத்து விலங்கின் தூரத்தைச் சொல்லும் முன் இந்தச் செலவை மரத்தின் உயரத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

இந்தச் சோடி கைவந்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சீனாவின் சியாங்லாங் நல்லது. 2007-ல் விவரித்தது, மொத்தமே 15.5 சென்டிமீட்டர், முழு அளவிலேயே செய்யலாம். தோலின் தடமும் பாறையில் பதிந்திருப்பதால் இறக்கையின் ஓரத்தை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியில் கிடைத்த இகாரோசாரஸை 1960-ல் ஒரு கல் குவாரியில் கண்டெடுத்தவன் ஆல்பிரட் சீஃப்கர் என்ற பதின்வயதுப் பையன், விலங்கின் பெயரிலேயே அவன் பெயரும் சேர்ந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளும் அதைக் கேட்டுத் தோண்டக் கிளம்பினார்கள். நம் தீவில் தோண்டினால் பவளப்பாறைதான் வரும், அதன் வயது ஆயிரங்களில் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

கிர்கிஸ்தானின் ஷரோவிப்டெரிக்ஸ் கஷ்டமான வேலை. அதற்கு இறக்கை பின்னங்காலில். ஒரே ஒரு புதைபடிவம். காகிதத்தில் பின்னால் மட்டும் முக்கோண இறக்கை வைத்துச் செய்தால் ஒவ்வொரு வீச்சிலும் குப்புற அடித்தது. முன்னங்காலுக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு சின்னத் தாள் ஒட்டியதும் நிமிர்ந்தது. அதே ஊரின் லாங்கிஸ்குவாமாவுக்கு முதுகில் நீண்ட செதில்கள். ஒரே வரிசையாக நிமிர்த்தி ஒட்டினால் கல் மாதிரி விழுகிறது, இரண்டு வரிசையாகப் பக்கவாட்டில் விரித்து ஒட்டினால் கொஞ்சம் மிதக்கிறது. ஆக அங்கே மிதப்பு நம் பசையில் இருக்கிறது, புதைபடிவத்தில் இல்லை. முதுகில் ஒரே வரிசை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, அதனால் அதைத் தொண்டை விசிறிக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

நோட்டில் இடது பக்கம் 'பாறையில் இருப்பது', வலது பக்கம் 'நாங்கள் வைத்தது' என்று இரண்டு பத்தி போடுங்கள். விலாவின் எண்ணிக்கை இடது. வால் தடிமன் வலது. எடை வலது. வலது பத்தி நீண்டுகொண்டே போனால் அந்த விலங்கைப் பற்றி அடங்கிப் பேசுங்கள்.

இப்போது கூடத்தில் இருப்பது மெசிஸ்டோட்ராகெலோஸ். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் கிடைத்தது, பாறையை உடைக்காமல் ஸ்கேன் எடுத்தே எலும்பைப் பார்த்தார்கள். விலா இறக்கையோடு கொக்கு மாதிரி நீளக் கழுத்து. கழுத்தை இடது பக்கம் வளைத்து ஒட்டினால் மாடல் இடது பக்கம் திரும்புகிறது, எட்டு வீச்சில் ஆறு. வலது பக்கம் வளைத்தால் எட்டில் மூன்றுதான். இறக்கை ஒரு பக்கம் கோணலாக ஒட்டியிருக்கிறது என்கிறாள் அந்தப் பிள்ளை. நாளைக் காலையில் தாளைப் பிரித்து அளக்கப் போகிறோம்.